கழுவாயால் தீராத பழி: சேக்கிழார் முதல் வள்ளலார் வரை குற்றவுணர்வு நீங்கும் நெறி

ஆய்வுச்சுருக்கம்

செய்த தீவினைக்குத் தீர்வு உண்டு என்பதில் சைவ நூல்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், தீர்வு கூறப்பட்ட பின்னும் செய்தவன் நெஞ்சில் எஞ்சி நிற்கும் குற்றவுணர்வு எவ்வாறு நீங்குகிறது என்னும் வினாவுக்கு அவை ஒரே விடையைத் தருவதில்லை. திருவிளையாடற் புராணத்து வரகுணபாண்டியன், பெரியபுராணத்து மனுநீதிச் சோழன், திருநாவுக்கரசர் ஆகியோர் வரலாறுகளையும், வள்ளலாரின் மனுமுறைகண்ட வாசகத்தையும் ஒப்பிடும் இக்கட்டுரை, தீங்குற்ற உயிருக்குக் கதைக்குள் இடம் தரப்படுகிறதா என்பதே அவ்விடைகளை வேறுபடுத்துகிறது எனக் காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கழுவாய், பழி, இரங்கல், மனுநீதி, இறைபணி, மனுமுறைகண்ட வாசகம்

1. சொல்லும் பொருளும்

குற்றவுணர்வு என்பது இக்காலத் தொடர். பழைய நூல்களில் இதற்கு நேரான ஒற்றைச் சொல்லைத் தேடினால் பழி, நாண், இரங்கல், கழிவிரக்கம் எனப் பல சொற்கள் எதிர்ப்படுகின்றன. ஒவ்வொன்றும் இவ்வுணர்வின் ஒரு பகுதியை மட்டுமே சுட்டுகிறது. பழி புறத்திலிருந்து வருவது. பிறர் வாயிலும் பிறர் நினைவிலும் வாழ்வது. நாண் செயலுக்கு முன்பே தடுத்து நிற்பது. இரங்கல் செயலுக்குப் பின்னர் எழுவது. இம்மூன்றும் ஒருங்கே கூடிய நிலையைத்தான் நாம் இன்று குற்றவுணர்வு என்கிறோம்.

இதற்கு மாறாக, தீர்வைக் குறிக்கும் சொல் மிகத் தெளிவாகவே இருக்கிறது. கழுவாய் என்னும் சொல்லைப் புறநானூற்றின் 34ஆம் பாடலிலேயே காண்கிறோம். ஆலத்தூர் கிழார் பாடிய அப்பாடல், ஆவின் முலையை அறுத்தல், கருவைச் சிதைத்தல் போன்ற கொடுஞ்செயல்களுக்கும் கழுவாய் உண்டு என்றும், செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்றும் அறநூல் கூறுவதாகச் சொல்கிறது. கழுவாய் என்ற கருத்து தமிழில் தோன்றும் இடத்திலேயே, அது எட்டாத ஓர் எல்லையும் உடன் குறிக்கப்பட்டுவிடுகிறது. செய்ந்நன்றி கொல்லுதல் சடங்குக்கு அடங்காமல் போவது ஏன்? அங்கே புண்பட்டது ஒரு விதி மட்டுமன்று. முன்பு உதவிய ஒருவருடன் கொண்ட உறவும் புண்பட்டது. இவ்வுறவுக் கூறு பின்வரும் நூல்களை ஆராயவும் துணைசெய்யும்.

திருக்குறளின் வினைத்தூய்மை அதிகாரத்தில் உள்ள 655ஆம் குறளும் இவ்விடத்தில் கருதத்தக்கது. பின்னர் இரங்குதற்குரிய செயலைச் செய்யற்க என்பது அதன் முற்பகுதி. ஒருகால் செய்துவிட்டால் என்ன செய்வது என்பது பிற்பகுதி. அத்தகைய செயலை மீண்டும் செய்யாதிருத்தல் நன்று என்பது பலரும் கொள்ளும் பொருள். பரிமேலழகர் வேறுவகையாகப் பிரிக்கிறார்: செய்துவிட்டால், பின்னர் இருந்து அவ்விரங்கல்களைச் செய்யாதொழிதல் நன்று என்கிறார். ஓர் உரை எதிர்காலத்தை நோக்குகிறது. மற்றோர் உரை மனத்தின் இடையறாத புலம்பலை நிறுத்தச் சொல்கிறது. பரிமேலழகர் உரை முதல் நோக்கில் கடுமையாகத் தோன்றலாம். எனினும் அக்குறள் அமைச்சியலில் இருப்பதை மறத்தலாகாது. நாட்டுக்குப் பொறுப்பேற்ற அமைச்சன் தன் வருத்தத்திலேயே மூழ்கிக் கிடப்பின் அது மற்றொரு கேடாகும். இரங்கலைக் கைவிடுதலும் இரங்கத்தக்கதைக் கைவிடுதலும் வேறு வேறு என்னும் இவ்வேறுபாடு உரையாசிரியர்களாலேயே எழுப்பப்பட்டுவிட்டது. அதற்குச் சைவ நூல்கள் கதைகளால் விடை தேடுகின்றன.

2. வாயிலில் நின்ற பிரமகத்தி

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 40ஆம் படலம் வரகுணனுக்குச் சிவலோகம் காட்டிய படலம். வேட்டையாடித் திரும்பும் வரகுணபாண்டியனின் குதிரை, வழியில் துயின்றுகொண்டிருந்த அந்தணர் ஒருவரை மிதித்துவிடுகிறது. அவர் உயிர் பிரிகிறது. மன்னன் அதை அறியான். அறியாது நிகழ்ந்த செயலாயினும் பிரமகத்தி அவனைப் பற்றிக்கொள்கிறது. தானங்களும் அறங்களும் செய்தும் அது நீங்கவில்லை. சோமசுந்தரக் கடவுள், சோழனுடன் போர் நேரும்போது அவனைத் துரத்திச் செல்லும் வழியில் திருவிடைமருதூரை அடைவாய், அங்கே இது நீங்கும் என அருளுகிறார். அவ்வாறே மன்னன் அத்தலத்தின் கிழக்கு வாயில் வழியே கோயிலுள் நுழைகிறான். பிரமகத்தி உள்ளே புக மாட்டாது வாயிலிலேயே நின்றுவிடுகிறது. மன்னன் மேற்கு வாயில் வழியே வெளியேறுகிறான். அவ்வாயிலில் பிரமகத்தியின் உருவம் இன்றும் காணப்படுகிறது. நுழைந்த வாயில் வழியே திரும்பாமல் வேறு வாயில் வழியே செல்லும் மரபும் அங்குண்டு.

இக்கதையின் உளவியல் நுட்பம் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. குற்றவுணர்வைச் செய்தவனிடமிருந்து பிரித்து, அதற்கு உருவமும் நிற்க ஓர் இடமும் தருகிறது இப்புராணம். தன்னுள் இருக்கும் ஒன்றை எவரும் விட்டுவிட்டு வர இயலாது. தன்னைப் பின்தொடரும் ஒன்றை ஒரு வாயிலில் நிறுத்திவிட்டு வரலாம். வந்த வழியே திரும்பாமை என்னும் வழக்கமும் இவ்வகையில் பொருளுடையது. அது உடல் நடந்து கற்கும் பாடம்: அதே நினைவின் வழியே மீண்டும் மீண்டும் செல்லாதிருத்தல். பரிமேலழகர் கூறிய இரங்கலொழிதல் இங்கே கோயிற் கட்டட அமைப்பாகவே வடிவம் பெற்றிருக்கிறது எனலாம்.

எனினும் இக்கதையில் ஒரு வெறுமை உண்டு. இறந்த அந்தணரின் துயரோ, அவரை இழந்தவர்களின் துயரோ கதையின் போக்கைத் தீர்மானிப்பதில்லை. அவருடைய இறப்பு மன்னனுக்கு நேர்ந்த தோஷமாக மாறிய கணத்திலிருந்து, புராணம் மன்னனுடைய துன்பத்தையே தொடர்கிறது. அப்புராணத்தின் 26ஆம் படலமாகிய மாபாதகம் தீர்த்த படலம், அறிந்தே செய்த பெரும்பாதகத்தையும் இறைவன் தீர்த்துவைப்பதைக் கூறுகிறது. அங்கும் வியப்புக்குரியது அருளின் அளவே. கைவிடப்பட்டவரையும் கைவிடாத அருள் என்பது சமயத்தின் உயரிய நம்பிக்கை. ஆயினும் அருளின் அளவைக் காட்ட விரும்பும் கதை, தீங்குற்றவரின் குரலைத் தாழ்த்திவிடக் கூடும். புராணத்தின் நோக்கம் தலப்பெருமை. ஆகவே இதனைக் குறையாகக் கூறாது, அந்நூல்வகையின் இயல்பாகவே கொள்ளலாம்.

3. மணியின் குரல்

இதே வகை நிகழ்ச்சியைச் சேக்கிழார் முற்றிலும் வேறான முறையில் சொல்லியிருக்கிறார். பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் இடம்பெறும் மனுநீதிச் சோழன் வரலாறு சிலப்பதிகாரத்திலேயே குறிப்பிடப்படுவது. விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டொன்றும் இதனைக் கூறுகிறது. கதை யாவரும் அறிந்தது. அதன் சட்ட நுணுக்கமும் அரசநீதியும் பலராலும் பேசப்பட்டுள்ளன. குற்றவுணர்வு என்னும் கோணத்தில் நோக்கினால் மூன்று இடங்கள் தனித்துத் தெரிகின்றன.

முதலாவது, இளவரசன். தேர்க்காலில் கன்று அறியாது வந்து அகப்பட்டு இறந்ததும் அவன் தேரினின்று இறங்கி வருந்துகிறான். தந்தை அறியுமுன்பே மறையோர் விதிக்கும் கழுவாயைச் செய்துவிட வேண்டும் என்று கருதி அவர்களை நாடிச் செல்கிறான். அவன் வருத்தம் மெய்யானது; சேக்கிழார் அதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் அவன் செல்லும் திசை முக்கியமானது. தாய்ப்பசு விழுந்து கதறிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அவன் விலகிச் செல்கிறான். அவன் கழுவாய் தேடிச் செல்ல, பசு நீதி தேடி அரண்மனை வாயிலுக்குச் செல்கிறது. ஒரே துயரம் இரு வழிகளில் பிரிகிறது.

இரண்டாவது, மணியோசை. பசு கொம்பினால் அசைத்த மணியின் ஒலியைச் சேக்கிழார் நேரே சொல்லிவிடாமல் வினாக்களாக அடுக்குகிறார். இது பழியைச் சாற்றும் பறையா, பாவம் எழுப்பும் ஒலியா, இளவரசன் உயிரைக் கவர வரும் கூற்றுவனுடைய ஊர்தியின் கழுத்து மணியா என்பன அவ்வினாக்கள். பழி, பாவம், இறப்பு ஆகிய மூன்றும் ஓர் ஒலியில் அடங்கிவிடுகின்றன. வரகுணன் கதையில் குற்றம் பின்தொடரும் நிழலாக வந்தது. இங்கே அது காதில் விழும் குரலாக வருகிறது. நிழலைவிட்டு விலக வேறொரு வாயிலைத் தேடலாம். தானே கட்டிவைத்த மணியின் குரலிலிருந்து அரசன் எங்கே செல்ல முடியும்?

மூன்றாவது, அமைச்சர்களுடன் நிகழும் உரையாடல். இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவே. மறையோர் விதித்த வழியில் கழுவாய் செய்வதே முறை என அமைச்சர்கள் கூறுகின்றனர். அவர்கள் கூற்றில் பிழையில்லை, அது நூல்வழக்கு. மன்னன் அதை மறுக்கும்போது, சாத்திரம் பொய் என்று சொல்வதில்லை. கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று மட்டுமே கேட்கிறான். கழுவாய் யாருக்கு நலம் செய்கிறது என்னும் வினா இது. செய்தவனுக்கு நலம் செய்யலாம்; பாதிக்கப்பட்ட உயிருக்கு அது எதுவும் செய்யாது.

இதனைத் தொடர்ந்து மன்னன் தன் கடமையை விளக்குகிறான். நாடாளும் வேந்தன் தன்னாலும், தன் பரிவாரத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வரும் அச்சங்களிலிருந்து உயிர்களைக் காக்க வேண்டும். இவ்வரிசையில் தன்னால் வரும் அச்சமே முதலில் வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. பகைவரைப் பற்றிப் பேசுமுன் சேக்கிழாரின் மன்னன் தன்னைப் பற்றிப் பேசுகிறான். மேலும், தன் மகன் செய்த கொலைக்குத் தவங்களால் தீர்வு தேடிவிட்டு, அயலான் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்வது எவ்வாறு முறையாகும் என்றும் வினவுகிறான். கழுவாய், அதிகாரத்தை அணுக வழியுள்ளவர்க்கு மட்டும் கிடைக்கும் சலுகையாகிவிடுமோ என்னும் அச்சம் இவ்வினாவில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில், சோழப் பேரரசின் அரசவையோடு தொடர்புடைய ஒரு புலவர் இதை எழுதினார் என்பதை நினைக்கும்போது அவ்வினாவின் கூர்மை மிகுதியாகிறது.

முடிவில் பசு உற்ற துயரைத் தானும் உறுவதே செய்யத்தக்கது என மன்னன் துணிகிறான். ஆணையிடப்பட்ட அமைச்சன் அதைச் செய்யமாட்டாது தன் உயிரை விடுகிறான். மன்னனே தன் ஒரே மகனைத் தெருவில் கிடத்தித் தேரைச் செலுத்துகிறான். இறைவன் எழுந்தருள, கன்றும் இளவரசனும் அமைச்சனும் உயிர் பெறுகின்றனர். மகனைக் கொன்ற இச்செயலை அறமெனப் போற்றுவதில் இன்றைய வாசகர்க்குத் தயக்கம் தோன்றுவது இயல்பே. இக்கட்டுரையாளருக்கும் அத்தயக்கம் உண்டு. அமைச்சனின் சாவு மற்றொரு குற்றமற்ற உயிரின் இழப்பு என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் அருள் நிகழும் வரிசை முக்கியமானது. மன்னன் மனம் ஆறுதல் பெறுவதற்கு முன் பசுவின் இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. கன்று எழுந்திராமல் மன்னனுக்கு மட்டும் அமைதி அருளப்பட்டிருந்தால், இக்கதையும் வாயிலில் நின்ற பிரமகத்தியின் கதையாகவே முடிந்திருக்கும்.

4. உடலில் ஏறிய நினைவு

மேற்கண்ட இரு கதைகளிலும் ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தது. தீங்குற்றவர் எவருமின்றித் தன் வாழ்நாளே தவறாகக் கழிந்தது என்னும் உணர்வால் வாடுவோரும் உளர். சைவ மரபில் இவ்வகைக்குத் திருநாவுக்கரசரே சிறந்த சான்று.

திருவாமூரில் மருள்நீக்கியார் என்னும் பெயருடன் பிறந்து, சமண சமயம் சார்ந்து தருமசேனராக விளங்கி, சூலைநோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரை அடைந்து, திருவதிகையில் மீண்டவர் அவர். சமண வாழ்வைப் பிழையாகக் காணும் பார்வை அவருடைய பாடல்களிலும் பெரியபுராணத்திலும் அழுத்தமாக உள்ளது. அது சமயப் பூசல் மிக்க காலத்தின் பார்வை. சமணம் தமிழுக்குச் செய்த பணிகளை அறிந்த ஆய்வாளர் அதனை அவ்வாறே எல்லைப்படுத்திக் கொள்ள வேண்டும். இங்கு ஆராயத்தக்கது, கழிந்த ஆண்டுகளை ஒருவர் எவ்வாறு சுமந்தார் என்பதே.

நான்காம் திருமுறையில் உள்ள பழமொழித் திருப்பதிகம் திருவாரூர் மீது பாடப்பட்டது. ஒவ்வொரு பாடலும் ஒரு பழமொழியோடு முடிகிறது. விளக்கை விட்டு மின்மினியில் குளிர்காய முயன்றது, இருட்டறையில் மலட்டுப் பசுவைக் கறந்து களைத்தது, கனியிருக்கக் காயைக் கவர்ந்தது என அவர் தம்மையே எள்ளிக்கொள்கிறார். வருத்தத்தை நகையோடு சொல்லும் இம்முறை தனித்தன்மையுடையது. புலம்பல் தன்னைக் கதைத்தலைவனாக்கிக் கொள்ளும் ஆபத்துடையது. என் பாவத்தைப் போல எவர் பாவமும் இல்லை என்பதும் ஒருவகைச் செருக்கே. மலட்டுப் பசுவைக் கறந்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரிடம் அச்செருக்கு நிலைக்காது. பழமொழி ஊரார் அனைவருக்கும் பொதுவானது. அதனைத் தமக்கு ஏற்றிக்கொள்வதால், தம் பிழையும் மனிதர் எவரும் செய்யக்கூடிய பிழையே என்று அவர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆயினும் சிரிப்பால் மட்டும் அவ்வுணர்வு தீர்ந்துவிடவில்லை. பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில், முந்தைய சமயத் தொடர்புடைய உடலோடு வாழத் தரியேன் என்று கூறி, சூலக்குறியும் இடபக்குறியும் தம்மீது பொறிக்கப்பட வேண்டுமென அவர் விண்ணப்பித்ததைச் சேக்கிழார் பாடுகிறார். சூலைநோய் நீங்கிய பின்னரும், திருவருள் கிடைத்த பின்னரும், உடல் பற்றிய அருவருப்பு நீங்கவில்லை என்பது இதனால் தெரிகிறது. மன்னிப்புப் பெற்றதை மனம் அறிந்த பின்னும் உடல் அறியக் காலம் ஆகும் என்பதனை இந்நிகழ்ச்சி நுட்பமாகக் காட்டுகிறது. அதன்பின் அவர் கையில் காண்பது உழவாரப்படை. கோயில் திருமுற்றங்களில் புல் செதுக்கித் திரியும் அம்முதியவரின் தோற்றம் தமிழர் நெஞ்சில் பதிந்த ஒன்று. இரங்கலின் ஆற்றல் முழுவதும் கைத்தொண்டில் செலவாகிவிடுகிறது. தொண்டு அவருக்குத் தண்டனையாகவும் இல்லை, ஈட்டுத்தொகையாகவும் இல்லை. தம் கடமை அதுவே என அவர் கருதினார்.

5. செய்தவன் யார்?

நாவரசர் வாழ்ந்து காட்டியதை மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் கோட்பாடாக்கினார். சிவஞானபோதத்தின் பத்தாம் நூற்பா, உயிர் இறைவனோடு ஒன்றித்து அவன் பணியில் நிற்கும்போது மலமும் மாயையும் வல்வினையும் அற்றுப்போகும் என்கிறது. வினைக் கோட்பாட்டின்படி, குவிந்து கிடக்கும் சஞ்சிதம் குருவின் அருளால் நீங்கும். உடலோடு வந்த பிராரத்தம் நுகர்ந்தே தீரும். புதிதாக ஏறும் ஆகாமியம் இறைபணியில் நிற்பதால் ஏறாது ஒழியும். குற்றவுணர்வை இப்பகுப்போடு பொருத்தினால் ஒரு தெளிவு கிடைக்கிறது. நிகழ்ந்ததன் விளைவை ஏற்றல் வேண்டும். அதனினின்று தப்ப வழியில்லை. ஆனால் நான் செய்தேன், நான் பாவி என்னும் முனைப்பு ஆணவத்தின் வேலையாதலால், அதையும் கைவிடல் வேண்டும்.

இக்கோட்பாடு தவறாகக் கையாளப்படுவதற்கு எளிதில் இடம் தருவது. எல்லாம் அவன் செயல் என்று கூறி, தான் செய்த தீங்கிலிருந்து கைகழுவிக்கொள்வோரை எக்காலத்தும் காணலாம். நூற்பா அதற்கு இடம் தரவில்லை. அங்கே வினை அறுவதாகக் கூறப்படுவது இறைபணியில் நிற்றலுக்குப் பின்னர்தான். நிற்றல் என்னும் சொல் ஒருமுறைச் செயலைக் குறிப்பதன்று, இடையறாத நிலையைக் குறிப்பது. தன் முனைப்பு ஒழிந்தவன் மேலும் மேலும் பிறர்க்குத் தீங்கு செய்துகொண்டிருப்பது எவ்வாறு? இருவினையொப்பு என்பதும் நல்வினை தீவினைப் பயன்களில் விருப்பு வெறுப்பின்றி நிற்றலேயன்றி, நன்மையும் தீமையும் ஒன்றே என்னும் மயக்கம் அன்று. எனினும் சாத்திர நூல்களில் உயிர்க்கும் இறைக்கும் இடையிலான உறவே மையம். தீங்குற்ற மற்றோர் உயிர் மனுவேந்தன் கதையில் பெற்ற இடத்தை அங்கே பெறவில்லை. அவ்வுயிர் மீண்டும் நடுவே வந்து நிற்பது 19ஆம் நூற்றாண்டில்.

6. வள்ளலார் கேட்ட வினாக்கள்

இராமலிங்க அடிகள் எழுதிய மனுமுறைகண்ட வாசகம் 1854இல் வெளிவந்தது. சேக்கிழார் கூறிய வரலாற்றை உரைநடையில் விரித்த நூல் அது. தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் அந்நூலை அதன் நடைக்காகப் பாராட்டுவர். அதில் மன்னன் கலங்கிப் புலம்பும் பகுதி தனியே பிரித்தெடுக்கப்பட்டு, வள்ளலார் கூறிய பாவங்களின் பட்டியல் என்ற பெயரில் பரவலாக வழங்குகிறது. அவ்வாறு பிரித்தெடுத்ததால் அதன் இலக்கணம் கவனிக்கப்படாமல் போயிற்று. அது பட்டியலன்று, வினாக்களின் வரிசை. ஒவ்வொரு தொடரும் ஐயப்பொருள் தரும் ஓகாரத்தில் முடிகிறது. மன்னன் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. இன்ன பாவம் செய்தேனோ, இன்ன பாவம் செய்தேனோ என்று தன்னையே உசாவுகிறான். மணியோசையைச் சேக்கிழார் வினாக்களாக அடுக்கிய உத்தி, இங்கே மன்னனின் வாய்க்கு மாறியிருக்கிறது. மூலநூலை ஆழ்ந்து பயின்ற ஒருவரின் கைவண்ணம் இது.

வினா வடிவத்துக்கு வினைக் கோட்பாடே காரணம். இப்பிறவியில் நேர்ந்த துன்பத்துக்கு முன்வினை காரணமாயின், அம்முன்வினை எதுவெனத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தேடுபவன் நிகழக்கூடிய அனைத்தையும் கேட்டாக வேண்டும். இதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. முற்பிறவியை நோக்கித் தொடங்கிய தேடல், கேட்போரின் அன்றாட வாழ்வைத் துருவும் சோதனையாக மாறிவிடுகிறது. வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைத்தல், குடிகள் மீது வரியை உயர்த்துதல், நெல்லோடு கல்லைக் கலந்து விற்றல், குடிநீர்க் குளத்தைத் தூர்த்தல், நிழல் மரத்தை அழித்தல், அயலார் பயிரைக் கெடுத்தல், அஞ்சி ஒளிந்தவரைக் காட்டிக்கொடுத்தல், பறவையைக் கூண்டில் அடைத்தல் முதலியன அவ்வினாக்களுள் வருகின்றன. அந்தணர்க் கொலை முதலாகச் சாத்திரங்கள் வகுத்த பெரும்பாதகங்களின் வரிசை இங்கே பின்னணிக்குச் சென்றுவிட்டது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கழுவாய் விதிக்கும் நூலும் இல்லை; தண்டிக்கும் மன்றமும் இல்லை.

அவற்றுள் ஒன்று தனித்துக் கருதத்தக்கது: கன்றுக்குப் பாலூட்ட விடாமல் கட்டிவைத்தல். கன்று இறந்ததால் எழுந்த கதைக்குள் இவ்வினா வருகிறது. தேர்க்காலில் கன்றை மடிவித்தல் பெருந்தெருவில் ஒருமுறை நிகழும் விபத்து. கன்றைக் கட்டிவைத்துக் கறத்தல் ஒவ்வொரு விடியலிலும் வீடுதோறும் நிகழ்வது. மன்னனின் அரிய துயரத்தை வாசகரின் தொழுவத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார் வள்ளலார்.

வரிசை முழுவதும் ஒரே தரத்தது என்று கூற இயலாது. கற்பு பற்றிய வினாக்கள் பெண்ணை ஆணின் உடைமையாகக் காணும் காலத்தின் சாயலை உடையவை. குரு காணிக்கை போன்றவை மரபு நெறியைச் சார்ந்தவை. பெரியோர் பாட்டில் பிழை சொன்னேனோ என்னும் பொருளுடைய வினாவும் ஒன்று உண்டு. உரைவேறுபாடுகளை ஆராய்ந்து பட்டம் பெறும் நம்போன்றோர் அவ்விடத்தைச் சற்று விரைந்தே கடக்க வேண்டியுள்ளது. எனினும் பெரும்பாலான வினாக்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றிலும் தீங்குற்ற ஓர் உயிர் பெயரின்றியேனும் நிற்கிறது: கூலியாள், ஏழை, வழிப்போக்கர், பறவை, கன்று. சேக்கிழார் ஒரு பசுவுக்கு மணியைக் கொடுத்தார். வள்ளலார் இவர்கள் அனைவருக்கும் அம்மணியைக் கொடுக்கிறார்.

பசித்தோர் முகத்தைப் பாராதிருத்தல் என்பதும் அவ்வரிசையில் உள்ளது. இது செய்த குற்றமன்று, செய்யாது விட்டது, பிடியிலகப்படாத குற்றம். யார் பசித்திருந்தார், எப்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்பதை எவரும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. ஆதலால் இதற்கு ஒரு வாயிலில் விட்டுவரும் தீர்வும் இல்லை. மகனைத் தேர்க்காலில் இடும் ஈடும் பொருந்தாது. நாவரசர் புல் செதுக்கியது போல நாள்தோறும் தொடரும் ஒரு பணியே இதற்கு ஏற்ற விடையாதல் கூடும். நூல் வெளிவந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1867இல், வடலூரில் சத்திய தருமச்சாலையை வள்ளலார் நிறுவினார். வந்தவரின் சாதியும் சமயமும் கேளாது உணவளிக்க வேண்டும் என்பது அதன் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அங்கே அணையாமல் எரிகிறது.